வந்து போகும் தலைவர்களும் வாக்கு எனும் அமானிதமும்

தேர்தல் நெருங்கிவிட்டால் மதுரைக்குக் கிழக்கே உள்ள வறண்ட சீமையும் தேசியத் தலைவர்களின் பயணத்தில் இடம்பெற்றுவிடும். 2019 ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன் பிரதமர் மோடி இராமநாதபுரத்தில் பிரச்சாரம் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் மத்திய அரசு, வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான தனித்திட்டத்தில் இம்மாவட்டத்தைச் சேர்த்திருந்தது. தமிழகத்தில் இராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே அதில் இடம்பெற்றன.

தலைவர் வருவது தவறல்ல. ஆனால், வருகை வேறு, வேலை வேறு. மதுரை தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 2022-இல் முதல் 50 மாணவர்கள் சேர்ந்தபோது அங்கே கட்டடம் இல்லை; இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. இடையில் இரண்டு தேர்தல்கள் நடந்து முடிந்தன. ஒரு தரப்பு அடிக்கல்லைக் காட்டியது. மறுதரப்பு செங்கல்லைக் காட்டியது. நோயாளிக்கு இரண்டும் மருந்தாகாது.

நம் வாக்கை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது? முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் அதை மூன்று நிலைகளில் விளக்கினார்கள். ஒன்று சாட்சியம்: இவர் தகுதியானவர் என்று நாம் சாட்சி சொல்கிறோம். இரண்டு பரிந்துரை: அவர் செய்யும் நன்மை தீமையில் நமக்கும் பங்குண்டு. மூன்று வகாலத்: நமக்காகப் பேசும் பொறுப்பை, ஊரார் அனைவரின் உரிமையையும் சேர்த்து, அவரிடம் ஒப்படைக்கிறோம். கூட்டத்தின் அளவையும் மேடைப் பேச்சின் அழகையும் பார்த்து யாரும் சாட்சி சொல்வதில்லை.

வெளியூர்க்காரர் என்பதும் குறையாகாது. திருநெல்வேலி பேட்டையில் பிறந்த கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களை, கேரளத்தின் மஞ்சேரி மக்கள் 1962, 1967, 1971 என மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

ஆகவே, வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சென்ற முறை தந்த வாக்குறுதி என்ன ஆனது? நம் ஊர்க் குடிநீர், மருத்துவமனை பற்றி உறுப்பினர் அவையில் பேசினாரா? தொகுதி மேம்பாட்டுக்கான ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் எங்கே செலவானது? வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் உள்ளன. பிள்ளைகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.