பங்கு இறைச்சிக் கறி

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட அன்று எங்கள் வீட்டுச் சைக்கிளில் ஏறியவை இவ்வளவுதான்: இரண்டு பாய், ஒரு சருவக்குடம், காணி உறுதி, ஒரு போத்தல் மிளகாய்த்தூள். உரலும் அம்மியும் குசினியிலேயே நின்றுவிட்டன. எமக்கு அப்போது 11 வயது. அவ்வளவு பதற்றத்திலும் தூள் போத்தலை ஏன் தூக்கினீர்கள் என்று அம்மாவிடம் பின்னாளில் கேட்டோம். "போற இடத்திலை என்ன தூள் கிடைக்குமோ ஆர் கண்டது" என்றார். ஆவணி பிறக்கு முன்னரே அந்தப் போத்தல் முடிந்துவிட்டது.

இவ்விதழை வாசிக்கும் குடும்பங்கள் பலவும் இப்படி ஒரு போத்தலையோ ஒரு பொட்டலம் விதையையோ தூக்கிக்கொண்டு நடந்தவைதான். ஆகவே கமத்தொழில் பேசும் பக்கத்தில் இறைச்சிக் கறியைப் பற்றி எழுதுவதற்கு நாம் காரணம் சொல்லப் போவதில்லை.

எங்கள் குறிச்சியில் ஆட்டிறைச்சி கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை; அது பங்காக வரும். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் நாங்கள் பங்கு போடுவோம். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கு மறுநாளும் அயலிலுள்ள சைவ வீடுகள் போடும். பத்து வீடுகள் சேர்ந்து ஒரு கிடாயைப் பேசி வாங்கும். விடியற்காலையில் வெட்டி, பனையோலைப் பாயில் பத்துக் குவியல் வைப்பார்கள். தொடை, நெஞ்செலும்பு, ஈரல், கொழுப்பு, குடல் என்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு ஒவ்வொரு குவியலிலும் இருக்க வேண்டும். குறைந்தால் சண்டைதான். அப்பா அதை ஓலைப் பையில் கொண்டு வருவார். மத்தியானம் புட்டும் அந்தக் கறியும்.

அம்மா காலமான பின்னர் அந்தக் கறியை நாமே ஆக்கிப் பார்க்க விரும்பினோம். கிளிநொச்சி மாவட்டத்தில், மீளக் குடியமர்ந்த மக்கள் மத்தியில் பணியாற்றிய காலம் அது. பட்டணத்தில் எலும்பில்லாத நல்ல இறைச்சியாகப் பார்த்து வாங்கினோம்; கடைத்தூள் போட்டோம்; பிரஷர் குக்கரில் அவித்தோம். கறி சிவப்பாக இருந்தது, உறைப்பாகவும் இருந்தது. ஆனால் அது எங்கள் வீட்டுக் கறி அல்ல. மறுமுறை தூளைக் கூட்டினோம், கறுவாவைக் கூட்டினோம். இன்னும் மோசம்.

கடைசியில் சின்னம்மாவிடம் போனோம். அவர் 25 வருடம் நலன்புரி நிலையத்தில் இருந்துவிட்டு, 2015 இல் காணி விடுபட்டதும் திரும்பி வந்து கிணற்றை இறைத்துக் குடியிருப்பவர். நாம் குருவானது முதல் எம்மைத் "தம்பி சுவாமி" என்றும் "வாங்கோ" என்றும் மரியாதையாக அழைப்பார். சமையற்பேச்சு வந்தால் மட்டும் அந்த மரியாதை பறந்துவிடும்.

"எலும்பில்லாத இறைச்சியிலை என்னத்தைக் காய்ச்சினனீ? பங்கு இறைச்சியெண்டா எல்லாம் கிடக்கும். எலும்பும் கொழுப்பும் இறங்கித்தான் குழம்பு தடிக்கும். ஈரல் அதுக்கு மேலை."

எமது முதற்பிழை அதுதான். இரண்டாவது பிழை ஆட்டில் இருந்தது. நலமடிக்காத முதிர்ந்த கிடாயின் இறைச்சியில் மொச்சை வாடை நிற்கும். கறுவாவை எவ்வளவு கொட்டினாலும் அது போகாது. இளமையில் நலமடித்து, வேலிக் கிளிசரியாக் குழையும் பூவரசங் குழையும் போட்டு வளர்த்த கிடாயைத்தான் முன்னாளில் பங்குக்குத் தேடினார்கள்.

மூன்றாவது பிழை தூள். அவர் கைப்பிடியால் அள்ள அள்ள, நாம் தராசில் வைத்து எழுதிக்கொண்டோம். செத்தல் மிளகாய் அரைக் கிலோ, மல்லி அரைக் கிலோ, பெருஞ்சீரகம் 100 கிராம், சீரகமும் மிளகும் ஐம்பது ஐம்பது கிராம், வெந்தயம் 25 கிராம், ஒரு துண்டு மஞ்சள், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியே மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். வெந்தயம் கருகினால் முழுத்தூளும் கைக்கும். அவர் இன்னமும் உரலில் இடித்து அரிதட்டில் அரிக்கிறார். மில்லில் திரித்தாலும் பிழையில்லை. ஆனால் முன்னர் வேறு எவருடைய மிளகாய் திரிபட்டது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

காய்ச்சும் முறை இது. ஒரு கிலோ இறைச்சியை ஒருமுறை மட்டும் கழுவி, ஈரலைப் புறம்பாக வைத்துவிட்டு, மஞ்சள், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி தூள் போட்டுப் பிரட்டி அரை மணி நேரம் விடவேண்டும். மண்சட்டியில் எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இடித்த இஞ்சி, உள்ளி, கொஞ்சம் பெருஞ்சீரகம் தாளித்து இறைச்சியைப் போட்டு மூடவேண்டும். தண்ணீர் விடக்கூடாது, முதலில் அது தன் தண்ணீரிலேயே அவியட்டும். அது வற்றியதும் இன்னுமொரு கரண்டி தூளும் கப்பிப்பாலும். முற்றின இறைச்சியானால் ஒரு துண்டு பப்பாசிக்காய் போட்டால் இளகும். எலும்பிலிருந்து சதை கழரத் தொடங்கும்போது ஈரலும் முதற்பாலும். ஈரலை முன்னரே போட்டால் கல்லாகிவிடும். குழம்பு தடித்ததும் கறுவா, ஏலம், கராம்பு, பெருஞ்சீரகம் வறுத்து இடித்த தூளைத் தூவி, அடுப்பால் இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பின் தேசிக்காய்ப் புளி. அடுப்பில் இருக்கும்போதே புளியை விட்டால் பால் திரைந்துவிடும்.

"முகாமிலை எப்படிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டோம். அங்கும் பங்கு போட்டார்களாம். ஒரு பங்கை நான்காக்கி, கால் பங்கு எடுத்த வீடுகளும் இருந்தனவாம். "கால் பங்கெண்டாலும் ஒரு துண்டு ஈரல் வைக்கவேணும். வைச்சனாங்கள்."

திரும்பி வந்து எமது பங்கில் (கோயிற் பங்கைச் சொல்கிறோம்) ஒரு பங்கு போட்டுப் பார்ப்போம் என்று கதைத்தோம். பத்து ஊர்களில் இருந்து வந்த பத்துக் குடும்பங்கள். ஒருவரை ஒருவர் இன்னும் சரியாக நம்பாத காலம். காசை ஆரிடம் கொடுப்பது என்பதிலேயே இரண்டு கூட்டம் முடிந்தது. உயிரோடு 20 கிலோ நிற்கும் கிடாயை வெட்டினால் எலும்போடு ஏறக்குறைய 9 கிலோ இறைச்சி வரும். இதைச் சொன்னபோது, மீதி எங்கே போகிறது என்று ஒருவர் எம்மையே சந்தேகமாகப் பார்த்தார். (வெட்டுவதற்கு முன் உங்கள் பிரதேச சபையில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.) மூன்று பிள்ளைகளோடு தனியே இருந்த ஒரு தாய் காசு இல்லை என்று ஒதுங்கி நின்றார். அரைப் பங்கு அவருக்கும் வைத்தோம். மாசி மாதம் கச்சான் பிடுங்கியதும் இரண்டு கிலோ கொண்டுவந்து, காசுப் பொறுப்பாளரின் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த நத்தாருக்கு நாம் காய்ச்சிய கறியைக் கரியரில் போட்டு, பஸ் ஏறிச் சின்னம்மாவிடம் கொண்டுபோனோம். புட்டோடு பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். குழம்பை விரலால் தொட்டு இன்னொரு முறை ருசி பார்த்தார்.

"நல்லாத்தான் கிடக்கு. ஆனா கொம்மா இன்னும் பாதித் தேசிக்காய் கூட விடுவா."

அதையும் எழுதிக்கொண்டோம்.