மாணவர் ஆய்வேட்டிலிருந்து சமிக்ஞைக் கையேடு வரை: ஆல்பர்ட் ஜேம்ஸ் மையரின் எழுத்துகளை இணைத்து நோக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி முன்னாள் மாணவர் ஒருவரின் மாணவப் பருவ ஏடுகளை நினைவுப் பொருள்களாகவும், அவர்தம் தொழில்சார் எழுத்துகளைத் துறை நூல்களாகவும் பிரித்து வைப்பது ஆவணக் காப்பகங்களில் இயல்பு. அவ்வாறு பிரிக்கும்போது ஒரு சிந்தனையின் தொடக்கம் மறைந்துபோக நேரிடும். அமெரிக்கத் தரைப்படையின் முதல் சமிக்ஞை அலுவலரான ஆல்பர்ட் ஜேம்ஸ் மையரின் எழுத்துகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆவணக் காப்பகம், மாணவர் ஆய்வேடு, குறியீடு, தந்தி, கொடிச் சமிக்ஞை.

முன்னுரை

மையர் 1828இல் நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க்கில் பிறந்தார். பின்னாளில் ஹோபார்ட் கல்லூரி எனப் பெயர் மாறிய ஜெனீவா கல்லூரியில் பயின்று 1847இல் பட்டம் பெற்றார். 1851இல் பஃபலோ மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் பஃபலோ நகரத் தந்தி அலுவலகத்தில் பணியாற்றிய பட்டறிவும் அவருக்கு உண்டு. மருத்துவம், தந்தி ஆகிய இவ்விரண்டும் சந்திக்கும் இடமே அவருடைய மருத்துவப் பட்ட ஆய்வேடு ஆகும்.

மாணவர் ஆய்வேடு

காது கேளாதோருக்கான புதிய சைகை மொழி ஒன்றை முன்வைப்பது அவ்வாய்வேட்டின் பொருள். அக்காலத்தில் வழங்கிய அலெக்சாண்டர் பெயினின் தந்திமுறையில், வேதிப்பொருள் தோய்த்த தாளில் மின்னோட்டம் புள்ளிகளையும் கோடுகளையும் பதிக்கும். அக்குறியீட்டை மையர் தாளிலிருந்து விடுவித்தார். ஒருவரின் கையிலோ கன்னத்திலோ மேசையிலோ தட்டுவதன் மூலம் சொற்களை எழுத்தெழுத்தாக உணர்த்தலாம் என்பது அவர் கண்ட வழி.

இங்கு நோக்கத்தக்கது, குறியீடு வேறு, அதனைச் சுமக்கும் ஊடகம் வேறு என்னும் தெளிவாகும். இரண்டு குறிகளை வேறுபடுத்திக் காட்ட இயலுமாயின் தாள், தோல், ஒளி, அசைவு ஆகிய எதுவும் எழுத்தைத் தாங்கும். ஒன்று முதல் நான்கு இடங்கள் வரை இரு குறிகளை அடுக்கினால் 2, 4, 8, 16 என மொத்தம் 30 சேர்க்கைகள் கிடைக்கும். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளுக்கும் இவை போதுமானவை.

ஆய்வேட்டிலிருந்து களத்திற்கு

1854இல் துணை அறுவை மருத்துவராகப் படையில் சேர்ந்த மையர், டெக்சஸ் எல்லைப் பகுதியில் பணிபுரிந்தார். நெடுந்தொலைவு பார்வை செல்லும் அந்நிலத்தில், தொடுகைக்கு உரியதாக இருந்த குறியீடு பார்வைக்கு உரியதாயிற்று. 1856இல் தம் திட்டத்தைப் போர்த்துறையிடம் முன்மொழிந்தார். 1859இல் ராபர்ட் ஈ. லீ தலைமையிலான குழு அதனை ஆராய்ந்தது. அதன்பின் நடந்த கள ஆய்வுகளில் எட்வர்ட் போர்ட்டர் அலெக்சாண்டர் அவருக்குத் துணைநின்றார். 1860 ஜூனில் மையர் சமிக்ஞை அலுவலராக நியமிக்கப்பட்டார்.

'விக்வாக்' எனப்பட்ட இம்முறைக்கு ஒரே கொடி போதும். இடப்புற வீச்சு ஒரு குறி. வலப்புற வீச்சு மற்றொரு குறி. முன்புறம் தாழ்த்துவது முடிவைக் குறிக்கும். இரவில் கொடிக்கு மாற்றாகத் தீப்பந்தம் பயன்பட்டது. அசையும் பந்தம் இடப்புறம் செல்கிறதா வலப்புறம் செல்கிறதா என்பதை இருளில் அறிய, ஒப்புநோக்கும் புள்ளியாக மற்றொரு பந்தம் தரையில் வைக்கப்பட்டது.

உள்நாட்டுப் போரில் அலெக்சாண்டர் எதிரணியான தென்மாநிலக் கூட்டமைப்பின் பக்கம் சேர்ந்தார். 1861 ஜூலை 21இல் நடந்த முதலாம் புல் ரன் போரில், வடபடை பக்கவாட்டில் சூழ்ந்து வருவதைக் கண்டு இம்முறையிலேயே தம் தரப்பை எச்சரித்தார். யாவரும் காணுமாறு வீசப்படும் குறியை எதிரியும் படிக்கக்கூடும் என்பதால், மறைகுறி வட்டுகள் பின்னர்ப் பயன்பாட்டிற்கு வந்தன.

தொழில்சார் எழுத்து

களத் தந்தியை யார் கட்டுப்படுத்துவது என்னும் பூசலில், போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டன் 1863 நவம்பரில் மையரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். இதனையடுத்து 1864இல் அவருடைய 'எ மேனுவல் ஆஃப் சிக்னல்ஸ்' என்னும் சமிக்ஞைக் கையேடு வெளிவந்தது. கொடி வீசும் பயிற்சியை மட்டும் கூறாமல், சமிக்ஞையின் அடிப்படைக் கூறுகளையும் அவற்றின் சேர்க்கைகளையும் பொதுநெறியாக இந்நூல் விளக்குகிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஏட்டில் தோன்றிய கருத்தே இங்குக் கோட்பாடாக விரிவடைந்துள்ளது எனலாம்.

போருக்குப்பின் பதவியை மீண்டும் பெற்ற அவர், 1870இல் தொடங்கப்பெற்ற தேசிய வானிலைப் பணியையும் வழிநடத்தினார். அவ்வாண்டு நவம்பர் 1இல் 24 நிலையங்களில் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட நோக்கீடுகள் தந்திவழி அனுப்பப்பட்டன. 1880இல் மையர் மறைந்தார்.

இணைத்து நோக்குவதன் பயன்

பொருள்வாரிப் பகுப்பில் அவ்வாய்வேடு மருத்துவத்திலும், கையேடு போரியலிலும், வானிலை அறிக்கைகள் புவியியலிலும் அடங்கும். மூன்றையும் ஒருவரே எழுதினார் என்பது பட்டியலில் தெரியும். மூன்றிலும் ஓடும் சிந்தனை ஒன்றே என்பது தெரியாது. டெக்சஸ் பகுதிப் பழங்குடியினரின் ஈட்டி அசைவுகளைக் கண்டே மையர் கொடிமுறையை அமைத்தார் என்னும் வழக்கு ஒன்று உண்டு. அக்காட்சி அவரைத் தூண்டியிருக்கலாம். ஆயின் எழுத்துகளை இருகுறிச் சேர்க்கைகளாக உடலசைவில் உணர்த்தும் எண்ணம், அவர் டெக்சஸுக்குச் செல்வதற்கு மூன்றாண்டுகள் முன்னரே 1851ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இடம்பெற்றுவிட்டது. இவ்வழக்கின் எல்லையைக் காட்டும் சான்று, தேர்வுக்காக எழுதப்பட்ட ஒரு மாணவர் ஏடே ஆகும். அவ்வேடு இல்லையெனில், படைத்துறைக் கொடிமுறையின் வேர் காது கேளாதோர்க்கான தொடுகைமொழியில் உள்ளது என்னும் செய்தியும் வரலாற்றில் வலுவிழந்திருக்கும்.

முடிவுரை

மாணவர் பயிற்சிக் கட்டுரைகள், ஆய்வேடுகள், கழகப் பதிவுகள் ஆகியன இடநெருக்கடியில் முதலில் கழிக்கப்படுபவை. எழுதியவர் பின்னாளில் புகழ்பெறுவாரா என்பதை அப்போது எவரும் அறியார். ஆகவே ஏட்டின் அன்றைய மதிப்பைக் கொண்டு அதனைக் கழிப்பது பொருந்தாது. ஒருவருடைய மாணவப் பருவ ஏடுகளுக்கும் தொழில்சார் நூல்களுக்கும் இடையே குறுக்குக் குறிப்புகள் அமைப்பதும், ஏடுகளின் காலத்தைத் தெளிவாகப் பதிவதும் காப்பகங்கள் செய்யத்தக்கவை. வாழ்க்கை வரலாற்று ஆய்வாளர் முதிர்ந்த நூலிலிருந்து தொடங்கினாலும், அதன் மூலத்தைத் தேடி மாணவர் ஏடுவரை செல்லுதல் வேண்டும் என்பதை மையரின் எழுத்துகள் உணர்த்துகின்றன.