வலம்புரியும் இடம்புரியும்



மன்னாரின் பெருநிலப் பகுதியிலே கட்டுக்கரைக் குளத்தின் ஓரமாகச் செல்வோர், சேற்றிலே ஊர்ந்து திரியும் நத்தைகளைக் கண்டிருப்பர். கடற்கரைக்கு வந்தாலோ, சங்கு குளிப்போர் அள்ளி வந்து குவிக்கும் சங்குகளைக் காண்பர். முன்னதை எவரும் பொருட்படுத்துவதில்லை. பின்னதோ திருக்கோயிலிலே இடம்பெறும் பொருள். எனினும், உயிர்நூலார் கணக்கில் இவ்விரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. சங்கு என்பது கடலில் வாழும் ஒரு நத்தையே ஆகும்.

சங்குகளுள் மிக அரியது வலம்புரி. ஆயிரம் சிப்பி சூழ ஓர் இடம்புரியும், ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரியும் இருக்குமென்பது நம் முன்னோர் கூற்று. இதைக் கேட்போர் வலம்புரி தனியொரு சாதி என எண்ணிவிடுவர். உண்மை அதுவன்று. குடுமி கீழே இருக்க, வாய் நம்மை நோக்குமாறு சங்கைப் பிடித்துப் பாருங்கள். வாய் இடப்புறம் அமைந்தால் அது இடம்புரி. வலப்புறம் அமைந்தால் வலம்புரி. உயிரும் ஒன்றே, உணவும் ஒன்றே, உறைவிடமும் ஒன்றே. சுழற்சி ஒன்றுதான் வேறு.

இச்சுழற்சி ஏன் மாறுகிறது? இதற்கு விளக்கம் தந்தது கடற்சங்கு அன்று, குளத்து நத்தையே. 1923ஆம் ஆண்டில் பாய்க்கொட், டைவர் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், நன்னீர் நத்தையொன்றின் பரம்பரையை ஆராய்ந்து வெளியிட்டனர். அதே ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஸ்டர்ட்டெவன்ட் அதன் காரணத்தை எடுத்துரைத்தார். அந்நத்தையின் ஓடு எப்பக்கம் சுழலும் என்பதை அதன் சொந்தப் பரம்பரைக் கூறு முடிவு செய்வதில்லை. தாயின் பரம்பரைக் கூறே முடிவு செய்கிறது. எனவே, ஒரு பக்கம் சுழன்ற தாய்க்கு மறுபக்கம் சுழலும் பிள்ளைகள் பிறத்தலும் கூடும்.

வலம்புரிக்குள்ள மதிப்பினால் போலிகளும் சந்தைக்கு வருகின்றன. அமெரிக்கக் கரையோரக் கடல்களிலே, இயல்பாகவே அப்பக்கம் சுழலும் வேறொரு சங்கினம் உண்டு. அதனை வலம்புரி என விற்று ஏமாற்றுவோர் உளர். வாயினுள்ளே நடுத்தண்டைத் தடவிப் பார்த்தால், நம் கடற்சங்கிலே மூன்று நான்கு வரம்புகள் தடித்துத் தென்படும். அமெரிக்கச் சங்கிலே அவை இரா.

இனி, சங்கின் வாழ்விடத்தைப் பார்ப்போம். முத்துச்சிப்பி கடலடியிலுள்ள பாறையான பார்களிலே ஒட்டி வாழும். சங்கு விரும்புவதோ மணற்பாங்கான அடித்தளத்தை. அங்கே மணலுக்குள் வாழும் புழுக்களே அதன் இரை. உயிரோடுள்ள சங்கு கோயிற்சங்கைப்போல் வெண்மையாக இராது. பழுப்பு நிறமான மேற்றோல் ஒன்று அதனைப் போர்த்திருக்கும்.

இவ்விரண்டும் இனம்பெருக்கும் முறையும் வேறு. முத்துச்சிப்பியின் இளவுயிர்கள் நீரிலே மிதந்து, நீரோட்டத்தோடு நெடுந்தூரம் செல்லும். ஆதலால் ஓரிடத்துப் பார் அழியினும், வேறிடத்திலிருந்து வரும் இளவுயிர்கள் அதனை மீண்டும் நிரப்பக்கூடும். சங்கோ, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுக்கிய முட்டைக்கூட்டை மணலிலே ஊன்றி வைக்கிறது. அக்கூடு அறை அறையாக அமைந்தது. ஒவ்வோர் அறையிலும் முட்டைகள் பல இருப்பினும், குஞ்சாக வெளிவருவன சிலவே. அவையும் மிதந்து திரிவதில்லை; சிறு சங்காகவே வெளிவந்து, அவ்விடத்திலேயே ஊர்ந்து வாழத் தொடங்குகின்றன.

இதனால் விளைவது யாது? ஒரு மணற்றளத்திலுள்ள சங்கையெல்லாம் வாரிவிட்டால், அதனை விரைவில் நிரப்ப வேறிடத்திலிருந்து எதுவும் மிதந்து வராது. முன்னாளிலே குளியாளி மூச்சடக்கி இறங்கினான். அவனுடைய மூச்சின் அளவே கடலுக்குக் காவலாயிற்று. இந்நாளிலே காற்றுச் சிலிண்டரோடு இறங்குவோர் நெடுநேரம் கடலடியில் தங்கித் தேட முடிகிறது. இழுவை மடியோ, அடித்தளத்தையே கிளறி, முட்டைக்கூட்டையும் இளஞ்சங்கையும் சேர்த்து வாரிவிடும். இலங்கையிலே 2017ஆம் ஆண்டின் சட்டம் அடிமடி இழுவையைத் தடை செய்துள்ளது. மிகச் சிறிய சங்கை எடுக்கலாகாது என்னும் விதியும் உண்டு. இவ்விதிகள் குளியாளியின் பிழைப்பைக் கெடுக்க வந்தவை என எண்ணுவோர் உளர். இன்று விடப்படும் இளஞ்சங்கு நாளை அதே மணலிலே முட்டையிடும். அதன் பயனை அடைபவனும் அதே குளியாளிதான்.

வலம்புரி கிடைத்தால் வாழ்வு வளம்பெறும் என்று நம்புவோர் பலர். அவ்வலம்புரி வானத்திலிருந்து வருவதன்று; எங்கோ ஓர் எளிய இடம்புரி மணலிலே ஊன்றி வைத்த கூட்டிலிருந்து வெளிப்படக்கூடியது. இடம்புரி அற்றுப்போன கடலிலே வலம்புரியும் பிறவாது.