பழுப்பு ஆப்ரிகாட்டை ஒதுக்காதீர்கள்

உலர் ஆப்ரிகாட் வாங்கும்போது பெரும்பாலோர் கை பளிச்சென்ற ஆரஞ்சு நிறப் பழத்தின் பக்கமே போகிறது. சுருங்கிப் பழுப்பேறியதைப் பழைய சரக்கு என்று ஒதுக்குகிறோம். ஆனால் வெறும் வெயிலில் காயும் ஆப்ரிகாட் பழுப்பாகத்தான் ஆகும்; நறுக்கிவைத்த வாழைக்காய் கறுப்பது போன்ற மாற்றம்தான் அது. ஆரஞ்சு நிறம் அப்படியே நிற்பதற்குக் காரணம், காய வைக்குமுன் பிடிக்கப்படும் கந்தகப் புகை. உலக ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கும் துருக்கியின் மலாத்யாவில் இருந்து இரண்டு வகையும் வருகின்றன. லடாக்கின் கார்கில் பகுதியில் ஹல்மான் என்ற ரகத்தைக் காலங்காலமாக வெயிலில் உலர்த்துகிறார்கள். வெள்ளை விதை கொண்ட ரக்சே கார்போ ரகத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஹைதராபாத் விருந்துகளின் குபானி கா மீட்டா, கொட்டையோடு காய்ந்த பழுப்புப் பழத்தை ஊறவைத்துச் செய்யும் இனிப்பு. அங்கே யாரும் நிறத்தைக் குறை சொல்வதில்லை.

கந்தகம் வைட்டமின் ஏ-வாக மாறும் கரோட்டினைக் காக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், அந்த ஒரு சத்தில் ஆரஞ்சுப் பழம் முந்துகிறது. ஆனால் நாம் இதைத் தேடிச் சாப்பிட முக்கியக் காரணங்களான பொட்டாசியமும் நார்ச்சத்தும் பழுப்புப் பழத்திலும் குறைவதில்லை. 100 கிராமில் சுமார் 1,160 மில்லிகிராம் பொட்டாசியமும் 7 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. மேலும், கந்தக டை ஆக்சைடு சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு இழுப்பைத் தூண்டிவிடும். அவர்கள் வீட்டில் பழுப்பு வகைதான் இருக்க வேண்டும். பொட்டலத்தின் பின்புறம் ஐஎன்எஸ் 220 என்ற எண் தென்பட்டால் கந்தகம் சேர்த்தது என்று அறியலாம்.

இதைவிட வலுவான மறுப்பு சர்க்கரை பற்றியது. தண்ணீர் வற்றியபின் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் சர்க்கரையே தேங்குகிறது. பச்சைப் பழத்தில் இது 9 கிராம்தான். வைட்டமின் சி-யும் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே இதை மருந்தாகவோ, பச்சைப் பழத்துக்கு மாற்றாகவோ கொண்டாடுவது சரியில்லை. மிட்டாயும் பிஸ்கட்டும் இருக்கும் இடத்தில் நான்கைந்து பழம் வைப்பதே நியாயமான பயன்பாடு. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இனிப்புப் பருப்பு உள்ள ரகங்கள் உண்டு, ஆனால் கசக்கும் பருப்பு உடலுக்குள் சயனைடை உண்டாக்கும். கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டவே விடாதீர்கள்.