பெயரோடு குடியேறிய விலங்கு

மட்டாஞ்சேரியில் உள்ள பழைய அரண்மனையை ‘டச்சு அரண்மனை’ என்றே மக்கள் வழங்குகின்றனர். ஆயின் அதனைக் கட்டியவர் டச்சுக்காரர் அல்லர். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர் அதனைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைப் பழுது பார்த்துப் புதுக்கினர். கட்டியவர் பெயர் மறைந்தது. புதுக்கியவர் பெயர் நிலைத்தது.

இதே டச்சுக்காரர் வேறொரு கண்டத்தில் ஒரு விலங்குக்குப் பெயரிட்ட கதையும் இத்தகையதே. 1652-இல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி, கீழ்த்திசை செல்லும் கப்பல்களுக்கு உணவும் நீரும் அளிக்க நன்னம்பிக்கை முனையில் ஒரு நிலையம் அமைத்தது. அந்நாட்டுப் புல்வெளிகளில் காளையை ஒத்த ஒரு விலங்கை அவர்கள் கண்டனர். அதன் ஆண் 900 கிலோகிராம் எடையும் எய்தக்கூடும். அதனை அவர்கள் ‘ஈலண்டு’ என்றனர். அச்சொல் அவர்கள் மொழியில் வட ஐரோப்பியக் காடுகளில் வாழும் ஒரு பெரிய மானைக் குறிப்பதாகும்.

உண்மையில் இவ்விரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. வடநாட்டு மானில் ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. அது ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் கிளைத்து வளரும். ஈலண்டுக்கோ ஆண், பெண் இரண்டிற்கும் கொம்பு உண்டு. முறுக்கேறிய அக்கொம்பு உதிர்வதில்லை. மாடும் ஆடும் அடங்கிய குடும்பமே அதன் குடும்பம். அதற்கு வழங்கிய ‘டாரோட்ராகஸ்’ என்னும் விஞ்ஞானப் பெயருக்குக் காளையாடு என்பது பொருள். ஆகவே ‘ஈலண்டு’ என்னும் பெயரில் நாம் காண்பது விலங்கின் இயல்பை அன்று. தாயகத்தை நினைந்தவர் உள்ளத்தையே காண்கிறோம்.

நம் நாட்டுப் புல்வெளிக்குரிய இரலையை நோக்குவோம். கிண்டியிலும் கோடியக்கரையிலும் இன்றும் அது உலவுகிறது. ஆணின் கொம்பு திருகியிருத்தலால் திருகுமான் என்றும், திறந்த வெளியில் வாழ்தலால் வெளிமான் என்றும் தமிழர் அதனை அழைத்தனர். இவை அருகிருந்து கண்டவர் இட்ட பெயர்கள்.

கலைமான் என்பதும் தமிழில் இதற்கு வழங்கும் பெயரே. கேரளத்திலோ ‘கலமான்’ என்றால் கடமானைக் கருதுவர். ஆகவே கொச்சிப் பள்ளியில் பயிலும் தமிழ்ச் சிறுவன் வீட்டில் ஒரு விலங்கையும் வகுப்பில் மற்றொரு விலங்கையும் அதே சொல்லால் அறிய நேரலாம். இருவர் கூற்றும் பிழையன்று. அதே கடமானை நெல்லை, குமரி மாவட்டத்தார் ‘மிளா’ என்பர். மலையாளிகள் ‘ம்லாவு’ என்பர். ஒரு சொல் பொருள் மாறிப் பிரிக்க, மற்றொரு சொல் எல்லை கடந்து இணைக்கிறது.

கொச்சி வேளியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள், தம் முன்னோர் டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்டவர் என்று கூறுவர். குடி பெயர்ந்தோர் அனைவரும் சொற்களையும் சுமந்தே செல்கின்றனர். பழைய சொல்லைப் புதிய பொருளின் மேல் ஏற்றுவதும் இயல்பே. ஆயினும், அவ்விடத்தார் அதற்கு முன்பே இட்ட பெயர் யாது என்று கேட்டறிதல் நம் கடன். நம் பிள்ளைகளுக்கு இரலையையும் சொல்வோம். அவர்கள் கொண்டுவரும் கலமானையும் கேட்போம். இரண்டும் அறிந்த பிள்ளைக்கு ஒரு சொல்லும் இழப்பில்லை.