மூட்டு மாற்றியாயிற்று, பயிற்சி எங்கே?

மூட்டு மாற்று அறுவை முடிந்து அம்மா வீடு திரும்பியதும் பிள்ளைகள் முதலில் செய்வது, முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. இதமாக இருக்கிறதென்று அவரும் அப்படியே படுத்திருப்பார். பல முழங்கால்களைக் கெடுப்பது இந்த அன்புதான். மடங்கியே கிடக்கும் மூட்டு சில வாரங்களில் இறுகிப்போய், பிறகு நேராக நீள மறுக்கும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்; கால் தானாக நீளும்.

பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடைத் தசையை இறுக்கி முழங்காலைப் படுக்கையில் அழுத்துவது, குதிகாலை இழுத்துக் காலை மடக்குவது, நீட்டிய காலைத் தூக்குவது: பெரும்பாலோர் தொடங்குவது இவற்றில்தான். இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடங்குவது பொதுவான இலக்கு. மருத்துவர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டு, சற்று நேரம் கழித்துச் செய்யுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய முயல்பவர்கள் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். ஜவ்வு அறுவைக்கு அட்டவணை வேறு. பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108. காயத்தில் கசிவு, காய்ச்சல் என்றால் அன்றைக்கே அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள்.

செயற்கை மூட்டின் விலைக்கு 2017-இல் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. மூட்டின் விலையை விசாரிக்கும் நாம், பேக்கேஜில் பிசியோதெரபி எத்தனை நாள் என்று கேட்பதில்லை. அறுவைக்கு முன்பே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு பயிற்சி அட்டவணையையும் எழுதி வாங்குங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. சிகிச்சையில் அலட்சியம் இருந்தால், கட்டணம் செலுத்திய நோயாளி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

பிசியோதெரபிக்கு வசதியில்லாதவர்கள் வீட்டோடு முடங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆறு வாரமாகியும் கால் 90 டிகிரி மடங்கவில்லையா? போகப் போகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை, முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும்.