நகரமில்லா நாட்டில் வளர்ந்த கல்வி
அயர்லாந்தின் துறவி மடங்கள்

கல்வி தழைக்க நகரம் வேண்டும் என்பது பலருடைய எண்ணம். அரசவையும் வணிகர் செல்வமும் பெருந்தெருக்களும் உள்ள இடத்தில்தான் கலைகள் வளரும் என்று கூறி, ஏதென்சையும் உரோமையும் அலெக்சாந்திரியாவையும் சான்று காட்டுவர். ஆயின், நகரம் என்று சொல்லத்தக்க ஓரூரேனும் இல்லாதிருந்த ஒரு தீவு, ஏறத்தாழ 300 ஆண்டுக் காலம் ஐரோப்பியக் கல்விக்குத் துணை நின்ற வரலாறும் உண்டு. அத்தீவு அயர்லாந்து. அங்குக் கல்வியை வளர்த்தவை நாட்டுப்புறத்தில் எழுந்த கிறித்தவத் துறவி மடங்கள்.

தோட்டப்புறப் பள்ளிகளில் பணிபுரியும் நம்மனோர்க்கு அம்மடங்களின் வரலாறு வெறும் பழங்கதை அன்று. நகர வசதிகள் எட்டாத இடத்தில் கல்வி எங்ஙனம் வேரூன்றுகிறது என்பதை அது காட்டுகிறது. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

நாடும் மடமும்

உரோமப் பேரரசு பிரிட்டனின் பெரும்பகுதியை வென்றது. ஆனால் அயர்லாந்தை ஆளவில்லை. ஆதலின் உரோமர் அமைத்த நகரங்களும் நெடுஞ்சாலைகளும் அங்கு இல்லை. பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்த அந்நாட்டில் ஒருவரது செல்வம் மாடுகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது.

431இல் பல்லாதியசு என்பார் உரோமிலிருந்து ஆயராக அங்கு அனுப்பப்பட்டார். அதே நூற்றாண்டில் பேட்ரிக் என்னும் பெரியார் தொண்டாற்றினார். இளமையில் கொள்ளையரால் பிரிட்டனிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டு, அயர்லாந்தில் ஆறாண்டுகள் அடிமையாகக் கால்நடை மேய்த்ததை அவரே எழுதி வைத்துள்ளார். 6ஆம் நூற்றாண்டில் மடங்கள் பலவாகப் பெருகின. சானன் ஆற்றங்கரையில் கியரான் குளோன்மக்னாய்சு மடத்தை நிறுவினார். இரு ஏரிகள் விளங்கும் மலைப் பள்ளத்தாக்கில் கெவின் கிளென்டலாக் மடத்தை அமைத்தார். வடக்கே பாங்கர் மடம் காம்கால் என்பவரால் எழுந்தது. பிரிசித்து அம்மையார் பெயரால் விளங்கிய கில்டேர் மடத்தில் ஆண்துறவியரும் பெண்துறவியரும் வாழ்ந்தனர்.

மடத்தின் அமைப்பு

துறவி மடம் என்றதும் கடல் நடுவே உள்ள சுகெல்லிக் மைக்கேல் பாறையின் படம் பலர் நினைவுக்கு வரும். கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் செங்குத்தாக நிற்கும் அப்பாறைமேல், சுண்ணச்சாந்து இன்றி அடுக்கிய கற்குடில்கள் தேன்கூட்டு வடிவில் இன்றும் நிற்கின்றன. 1996இல் அது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான மடங்கள் இத்துணைத் தனிமையில் இருந்தவை அல்ல.

பொதுவாக ஒரு மடம் வட்டமான மதிலோ மண்மேடோ சூழ அமைந்திருக்கும். நடுவில் சிறு கோயில். முதலில் அது மரத்தால் ஆனது, பின்னரே கல்லால் ஆனது. சுற்றிலும் மிலாறு பின்னி மண் பூசிய குடிசைகள். அவற்றுக்கு அப்பால் கொல்லர் பட்டறையும் மாவரைக்கும் ஆலையும் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும். துறவியரேயன்றி, மடத்து நிலத்தை உழுத குடிகளும் அவர்தம் மனைவி மக்களும் அச்சமூகத்தில் அடங்குவர். அவர்கள் விளைச்சலில் ஒரு பங்கும் உடலுழைப்பும் தந்தனர். மடம் அவர்களுக்கு வழிபாடும் அடக்கமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் தரக் கடமைப்பட்டிருந்தது. நகரமில்லா நாட்டில் நகரத்தின் தொழில்கள் பலவற்றை மடமே செய்தது எனலாம்.

உணவும் நூலும் ஆசிரியரும்

இம்மடங்களின் கல்விக் கொடைக்குச் சிறந்த சான்று தருபவர் அயர்லாந்துக்காரர் அல்லர். ஆங்கிலேயராகிய பீடு என்னும் துறவியார். அவர் தம் வரலாற்று நூலை 731இல் நிறைவு செய்தார். உயிர்ப்புப் பெருநாளைக் கணிக்கும் முறையில் ஐரிசுத் துறவியரோடு அவருக்கு உடன்பாடில்லை. ஆதலின், அவர் அவர்களைப் புகழும்போது அச்சொல்லுக்கு மதிப்பு மிகுதி.

664இல் பரவிய கொள்ளை நோயைப் பற்றிக் கூறுமிடத்தில் அவர் ஒரு செய்தி தருகிறார். அக்காலத்தில் இங்கிலாந்தின் உயர்குடியினரும் எளியோரும் பலர் கல்விக்காக அயர்லாந்தில் தங்கியிருந்தனர். சிலர் ஒரு மடத்திலேயே நிலைத்தனர். சிலர் ஆசிரியர் ஆசிரியராகத் தேடிச் சென்று கற்றனர். அந்நாட்டார் அவர்களை மகிழ்ந்து வரவேற்று, நாள்தோறும் உணவும், படிக்க நூல்களும், கற்பிக்க ஆசிரியர்களும் கைம்மாறு கருதாது அளித்தனர் என்பது அச்செய்தி.

இம்மூன்றையும் பீடு ஒருங்கே கூறியது கருதத்தக்கது. பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நாம் நன்கு அறிவோம். ஒரு நூலுக்குக் கன்றுத் தோல்கள் பல வேண்டியிருந்த அந்நாளில் அயல்நாட்டு மாணவனுக்கு நூல் கொடுப்பதென்றால், அது எத்துணைப் பெரிய கொடை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எழுதிப் பழகுவதற்குத் தோலைச் செலவிட இயலாது. அதற்கு மெழுகுப் பலகைகள் இருந்தன. 1914இல் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் சுபிரிங்மவுண்டு சதுப்பு நிலத்தில் அத்தகைய பலகைகள் ஆறு கிடைத்தன. யூ மரத்தைக் குடைந்து மெழுகு நிரப்பிய அப்பலகைகளில் விவிலியத் திருப்பாடல்கள் 30 முதல் 32 வரையிலான பகுதி கூரிய கோலால் கீறி எழுதப்பட்டுள்ளது. அவை கி.பி. 600ஐ ஒட்டியவை என்பர். எழுதலாம், அழித்து மீண்டும் எழுதலாம். நம் மூத்தோர் கற்பலகையில் பயின்றதும் இம்முறையேயன்றோ?

சொல்லுக்குச் சொல் இடைவெளி

ஐரிசு மடங்களின் கலைச்சிறப்புக்குக் கெல்சு நூலைக் காட்டுவது வழக்கம். 800ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்நற்செய்தி நூலின் 340 தோலேடுகள் இன்று தப்ளின் திரித்துவக் கல்லூரியில் உள்ளன. அதன் வண்ணங்கள் கண்ணைப் பறிக்கும். எனினும், ஆசிரியர்க்கு அதனினும் பெரிய கொடை ஒன்றை அம்மடங்கள் அளித்தன. சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டு எழுதும் வழக்கமே அது.

பழைய உரோமர் இலத்தீனைச் சொல் பிரிக்காமல் எழுத்து எழுத்தாகத் தொடுத்தே எழுதிவந்தனர். அது அவர்களுக்குத் தாய்மொழி. வாய்விட்டுப் படிக்கும்போது செவியே சொற்களைப் பிரித்துத் தந்துவிடும். ஐரிசு மாணவனுக்கோ இலத்தீன் முற்றிலும் அயல்மொழி. அவன் வீட்டில் அதைக் கேட்டதில்லை, தெருவிலும் கேட்டதில்லை. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை அவன் செவி சொல்லாது; கண்ணுக்குத்தான் காட்ட வேண்டும். ஆகவே 7ஆம் நூற்றாண்டு முதல் ஐரிசு எழுத்தர்கள் சொற்களைப் பிரித்து எழுதலாயினர். நிறுத்தக் குறிகளையும் பெருக்கினர்; ஒரு பகுதியின் முதலெழுத்தைப் பெரிதாக்கினர். அவ்வழக்கம் இங்கிலாந்துக்கும், பின்னர் ஐரோப்பிய நிலப்பகுதிக்கும் மெல்லப் பரவியது. அது யாண்டும் நிலைபெறப் பல நூற்றாண்டுகள் ஆயின.

இதன் அருமையை எம் பள்ளியில் நான் அடிக்கடி காண்கிறேன். தமிழ்ப் பாடத்தில் ஒரு சொல்லைத் தவறாகப் பிரித்துப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன், தன் குரலைக் கேட்டதும் தானே திருத்திக்கொள்கிறான். அவனே மலாய்ப் பாடத்தில் தடுமாறினால் அவன் செவி உதவிக்கு வருவதில்லை. விரலை வைத்துச் சொல் சொல்லாகக் காட்ட வேண்டியிருக்கிறது. 1300 ஆண்டுகளுக்கு முன் மாணவர் பட்ட இடர்ப்பாட்டை உணர்ந்து ஏட்டையே மாற்றி எழுதியவர்கள் அந்த நாட்டுப்புற ஆசிரியர்கள்.

ஓரக் குறிப்புகளின் பயன்

அயர்லாந்துத் துறவியர் கடல் கடந்தும் சென்றனர். 563இல் கொலும்பா அயோனாத் தீவுக்குச் சென்று மடம் நிறுவினார். கொலும்பானசு இன்றைய பிரான்சில் இலக்சேய் மடத்தையும், இத்தாலியில் பொப்பியோ மடத்தையும் நிறுவி 615இல் மறைந்தார். அவருடன் சென்ற கால் என்பவரின் பெயரால் சுவிட்சர்லாந்தில் செயிண்டு கால் மடம் பின்னர் எழுந்தது.

அம்மடத்து நூலகத்தில் ஒரு பள்ளி நூல் இருக்கிறது. பிரிசியன் என்பார் இயற்றிய இலத்தீன் இலக்கணத்தின் படி அது. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரிசு எழுத்தர்களால் எழுதப்பட்டது. அதன் வரிகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் 9000க்கு மேற்பட்ட குறிப்புகள் நுண்ணெழுத்தில் காணப்படுகின்றன. அவற்றுள் 3400க்கு மேற்பட்டவை ஐரிசு மொழியில் உள்ளன. கடினமான சொல்லுக்குத் தாய்மொழியில் பொருள், வேற்றுமை விளக்கம், எடுத்துக்காட்டு என்பன அக்குறிப்புகள். இடையிடையே மை சரியில்லை என்றும் கை வலிக்கிறது என்றும் எழுத்தர் அலுத்துக்கொள்வதும் உண்டு.

மாணவனுக்கு உதவட்டும் என்று எழுதிய இக்குறிப்புகள் ஓராயிரம் ஆண்டு கழித்து வேறொரு பயன் தந்தன. அயர்லாந்திலேயே இருந்த ஏடுகள் பெரும்பாலும் அழிந்துபோனமையால், அக்காலத்து ஐரிசு மொழியை அறிய அயல்நாட்டு மடங்களில் தப்பிய ஓரக் குறிப்புகளே முதன்மைச் சான்றாயின. பவேரிய நாட்டு ஆசிரியராகிய சோய்சு என்பார் அவற்றை ஒன்றுதிரட்டி ஆராய்ந்து, கெல்டிய மொழிகளின் இலக்கணத்தை 1853இல் வெளியிட்டார். அம்மொழியாராய்ச்சியின் அடிப்படை நூல் அதுவே.

தாய்மொழிக்குச் செய்த தொண்டு

மடத்தின் மொழி இலத்தீன். எனினும் மடத்தார் தாய்மொழியை ஒதுக்கவில்லை. கிறித்தவம் வருமுன் நாட்டில் வழங்கிய வீரக் கதைகளையும் அவர்களே ஏட்டில் ஏற்றினர். முழுவதும் ஐரிசு மொழியில் அமைந்து இன்று எஞ்சியுள்ள நூல்களுள் பழமையானது ‘பழுப்புப் பசுவின் நூல்’. அதனை எழுதியவருள் ஒருவராகிய மேல் முயிரெ, 1106இல் குளோன்மக்னாய்சில் கொள்ளையரால் கொல்லப்பட்டார். அதன் 67 ஏடுகளே இன்று உள்ளன. கூலி நாட்டு ஆநிரை கவர்ந்த பெருங்கதையின் பழைய வடிவம் அதில் காணப்படுகிறது.

அக்கதையின் பிறிதொரு வடிவம் 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ‘லென்சுடர் நூலில்’ இருக்கிறது. அதன் இறுதியில் இரு குறிப்புகள் உள்ளன. ஐரிசு மொழிக் குறிப்பு, இக்கதையை மாற்றாமல் மனத்தில் கொள்வோரை வாழ்த்துகிறது. இலத்தீன் குறிப்போ, இதில் உள்ளவற்றை நான் நம்பவில்லை. சில பேய்களின் வஞ்சம், சில புலவர் கற்பனை என்னும் கருத்துப்படப் பேசுகிறது. தாம் நம்பாததையும் பிழையின்றி எழுதிக் காத்த அந்நேர்மை போற்றத்தக்கது. தம் கொள்கைக்கு மாறானது என்று விட்டிருந்தால் அக்கதை நமக்குக் கிடைத்திராது.

மறுபக்கம்

இவற்றால் மடத்தார் அனைவரும் குற்றமற்றவர் என்று கொள்ளலாகாது. செல்வம் பெருகியபோது தலைமைப் பதவி சில குடும்பங்களின் உரிமையாயிற்று. மடங்கள் தம்முள் போரிட்டதும் உண்டு. 764இல் குளோன்மக்னாய்சு மடத்தாரோடு பொருது டரோ மடத்தார் 200 பேரை இழந்தனர் என்று ஆண்டுக் குறிப்பேடுகள் கூறுகின்றன. 795 முதல் வைக்கிங்கு கடற்கொள்ளையர் மடங்களைச் சூறையாடினர். உள்நாட்டு மன்னரும் அவர்களுக்குப் பின்னிடவில்லை. இன்று காணும் உயர்ந்த வட்டக் கோபுரங்களைக் கொள்ளையருக்கு அஞ்சிக் கட்டினர் என்று மட்டும் சொல்வதுண்டு. ஆனால் அவற்றின் ஐரிசுப் பெயருக்கு மணிவீடு என்பதே பொருள்.

அழிவும் எச்சமும்

12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துறவியர் சபைகள் அங்கு வந்தன. 1142இல் மெல்லிபாண்டில் சிசுடர்சியர் மடம் நிறுவப்பட்டது. பழைய மடங்கள் தளரவே, ஐரிசுக் கல்வி வழிவழிப் புலவர் குடும்பங்களிடம் சென்றது. 1536 முதல் எட்டாம் என்றி மன்னர் ஆணையால் மடங்கள் கலைக்கப்பட்டன. 1552இல் அத்லோன் படையினர் குளோன்மக்னாய்சின் மணிகளையும் நூல்களையும் கூட விட்டுவைக்கவில்லை. எஞ்சிய ஏடுகளை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்த மிகீல் ஓ கிளேரி என்னும் துறவியார், துணைவருடன் 1632 முதல் 1636 வரை உழைத்து நாட்டின் ஆண்டு வரலாற்றைத் தொகுத்தார்.

மண்ணும் சிலவற்றைக் காத்தது. 2006இல் திப்பரேரி மாவட்டத்தில் சதுப்பு நிலத்தைத் தோண்டிய எந்திரத்தின் முன் 800ஐ ஒட்டிய திருப்பாடல் நூல் ஒன்று வெளிப்பட்டது. அதன் தோலுறையின் உட்புறத்தில் பாப்பிரசுத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. நாட்டுப்புற மடம் ஒன்றின் கைக்கு நடுநிலக் கடற்பகுதியின் பொருள் எட்டியிருந்தது என்பதை அது காட்டுகிறது.

முடிவுரை

இம்மடங்களின் வண்ண ஏடுகளை உலகம் வியக்கிறது. ஆசிரியராகிய நாம் வியக்க வேண்டியவை வேறு மூன்று: வந்தவனுக்கு உணவும் நூலும் கொடுத்தமை, மாணவனின் தடுமாற்றம் கண்டு எழுதும் முறையையே திருத்தியமை, கடினச் சொல்லுக்கு அருகில் தாய்மொழியில் பொருள் குறித்து வைத்தமை. இம்மூன்றுக்கும் நகரம் தேவைப்படவில்லை, அரசவையும் தேவைப்படவில்லை. கற்பவனை அருகிலிருந்து கண்ட ஆசிரியர்களே தேவைப்பட்டனர்.

சிறு பள்ளி, சில மாணவர், தொலைவான இடம் என்று நம்முள் சிலர் சோர்வதுண்டு. பாடநூலின் ஓரத்தில் ஒரு பிள்ளைக்காக நாம் இன்று பென்சிலால் எழுதும் சொற்பொருள் யாருக்கு எப்போது பயன்படும் என்பதை நாம் அறியோம். செயிண்டு கால் நூலில் குறிப்பெழுதியவரும் அதனை அறிந்திலர், ஆயினும் எழுதினார்.